சுமைக்கு அல்ல, கம்பிக்கு: மின் உரிமத் தேர்வுகளில் விடுபடும் பாதிக் கணக்கு

ஒயர்மேன், மேற்பார்வையாளர் உரிமத் தேர்வுகளுக்கான பயிற்சிக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் ஒரு கணக்கு உண்டு. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் 3 கிலோவாட் கீசர். அதற்கு எத்தனை ஆம்பியர் எம்சிபி பொருத்த வேண்டும்? 3000ஐ 230ஆல் வகுத்தால் 13.04. பாதுகாப்புக்கென 25 விழுக்காடு கூட்டினால் 16.3. சந்தையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 20. ஆகவே விடை 20 ஆம்பியர்.

இந்தக் கணக்கில் கம்பி எங்கே இருக்கிறது? எம்சிபியின் முதற்கடமை கீசரைக் காப்பதன்று. சுவருக்குள் புதைந்து கிடக்கும் கம்பியைக் காப்பது. அந்தக் கம்பியின் தடிமன், அது செல்லும் குழாய், குழாயில் உடன் செல்லும் பிற சுற்றுகள், சுற்றுப்புற வெப்பம் ஆகியவற்றுள் ஒன்றையும் கூறாமல் எம்சிபியின் அளவை மட்டும் கேட்பது விடையற்ற வினாவாகும்.

ஐஈசி 60364 தொடரைத் தழுவிய ஐஎஸ் 732 வகுக்கும் நிபந்தனை தெளிவானது. சுற்றின் சுமை மின்னோட்டத்தைவிட எம்சிபியின் அளவு குறையக் கூடாது. கம்பி தாங்கும் மின்னோட்டத்தை அது மீறவும் கூடாது. தேர்வுக் கணக்கு முதல் பாதியை மட்டும் கற்பிக்கிறது.

அதே கீசருக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி குழாய்வழி இழுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஐஈசி அட்டவணைப்படி 30 டிகிரி வெப்பத்தில் அது 17.5 ஆம்பியர் தாங்கும். 40 டிகிரியில் 0.87 என்னும் குணகத்தால் பெருக்கினால் 15.2. அதன்மேல் 20 ஆம்பியர் எம்சிபி! எம்சிபிக்கான தர நிர்ணயத்தின்படி, குறித்த அளவின் 1.13 மடங்கு வரை அது ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது, 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 22.6 ஆம்பியர் அக்கம்பியில் தடையின்றி ஓடலாம். வெப்ப உயர்வு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 70 டிகிரிக்கென வகுக்கப்பட்ட பிவிசி உறை அப்போது 100 டிகிரியைக் கடந்துவிடும்.

இனி 2.5 சதுர மி.மீ. கம்பியைப் பார்க்கலாம். அட்டவணை மதிப்பு 24; 40 டிகிரியில் 20.9. இங்கே 20 ஆம்பியர் எம்சிபி பொருந்தும். ஆனால் அதே குழாயில் இன்னொரு சுற்றும் சென்றால் 0.8ஆல் பெருக்க வேண்டும், 16.7 ஆகிவிடும். அப்போது 16 ஆம்பியரே சரி. கீசர் ஒன்றுதான், சுமை ஒன்றுதான். விடை மட்டும் மாறுகிறது.

கீசர் தனித்து இருக்கும்வரை இப்பிழையால் ஒன்றும் நேராது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அது 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கப்போவதில்லை. அதனாலேயே இப்பிழை யாருக்கும் தெரிவதில்லை. என்றோ ஒருநாள் அதே சுற்றிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் எடுக்கப்படும். அதில் அயர்ன் பாக்ஸோ இண்டக்ஷன் அடுப்போ சேரும். எம்சிபி விழும். அழைக்கப்பட்டு வரும் ஒயர்மேன் சுமை கூடியதைக் கண்டு எம்சிபியை 32 ஆக மாற்றிவிட்டுப் போவார். அவரை அரைகுறை என்று பழிப்பது எளிது. தேர்வு கற்பித்ததைத்தான் அவர் பிசகாமல் செய்திருக்கிறார்.

அந்த 25 விழுக்காட்டின் பூர்வீகமும் கவனிக்கத் தக்கது. அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து இயங்கும் சுமைக்கு 125 விழுக்காடு கொள்ள வேண்டும் என்று உண்டு. அது காப்புச் சாதனத்துக்கு மட்டுமன்றிக் கம்பிக்கும் உரியது. அடுத்த பெரிய அளவுக்கு உயர்த்தும் சலுகையும் அங்கு உண்டு. அதன் தொடக்கப்புள்ளி கம்பியின் தாங்குதிறன், சுமையன்று. மெல்லிய கம்பிகளுக்கோ 15, 20, 30 ஆம்பியர் எனத் தனி வரம்பே விதிக்கப்பட்டுள்ளது. நம் குறிப்புகளில் உலவும் கணக்கில் கூட்டலும் உயர்த்தலும் இருக்கின்றன, வேலியைக் காணோம்.

நம் பழைய சட்டம் இவ்வளவு அலட்சியமாக இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, உரிமம் பெற்றோரே மின்னமைப்பு வேலை செய்யலாம் என்றது. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்தது; அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதவரை என்ற நிபந்தனையோடு. 2010ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளிலும் இதே வாசகம் தொடர்ந்தது. 16ஐ எடுத்துவிட்டு 32 வைப்பது அந்த விலக்குக்குள் அடங்காது. உரிமம் வேண்டப்படுவதே அந்த வேறுபாட்டை அறிந்தவரை அடையாளம் காண்பதற்காகத்தான்.

அட்டவணைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதா, பள்ளிக் கல்வியோடு நின்ற தொழிலாளர்களுக்கு இது சுமையாகாதா என்னும் மறுப்பு எழலாம். மறுப்பின் முதல் பாதி நியாயமானது. மனப்பாடம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் விதித்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டே உரிமத் தேர்வு எழுதுகின்றனர். நம் வினாத்தாளின் பின்புறத்தில் அரைப்பக்க அட்டவணையை அச்சிடப் பெரிய செலவு எதுவும் ஆகிவிடாது. இரண்டாம் பாதிதான் ஏற்கத் தக்கதன்று. 24ஐ 0.87ஆலும் 0.8ஆலும் பெருக்குவது, 3000ஐ 230ஆல் வகுப்பதைவிடக் கடினமானதில்லை.

வினாவைத் திருப்பிக் கேட்டாலே போதும். ஒரு வீட்டில் 20 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுகிறது. சுற்றில் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, குழாயில் இரண்டு சுற்றுகள், வெப்பம் 40 டிகிரி. வீட்டுக்காரர் 32 ஆம்பியர் கேட்கிறார். என்ன செய்வீர், ஏன்? மாநில உரிம வாரியங்கள் தம் அடுத்த வினாத்தாளில் இப்படி ஒன்றைச் சேர்க்கலாம். சுமையைப் பிரித்துப் புதிய சுற்று இழுக்க வேண்டும் என்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண்ணும், 32 என்று எழுதுபவருக்குச் சுழியும் தரலாம்.