அப்புச்சிக்கு ஏன் 'ஆர்' போடக்கூடாது?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்முணி ஆங்கில நோட்டோடு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பு. தாத்தாவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'மை அப்புச்சி ஆர் எ ஃபார்மர்' என்று தொடங்கியிருந்தாள். 'ஆர்' மேல் சிவப்பு மையில் ஒரு சுழி. அடுத்த வரியில் 'ஹீ கோ டு தோட்டம்'. அங்கேயும் சுழி. கண்ணில் நீர் முட்டி நின்றது.

"ஒருத்தருக்கு எதுக்கு ஆர் போட்டேன்னு கேக்கறாங்க. அப்புச்சியப் போயி ஈஸ்னு எப்படிங்க சொல்றது?"

அந்தக் கேள்வியை இந்த வாரம் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் வீட்டில் அப்புச்சி 'வந்தாங்க', 'சாப்பிட்டாங்க', 'தோட்டத்துக்குப் போனாங்க'. பிறந்தது முதல் அவள் காதில் விழுந்த இலக்கணம் அது. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் காய் விற்பவர் 'இன்னைக்குப் பறிச்சதுங்க' என்கிறார். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையையே 'வாங்க கண்ணு' என்று கூப்பிடுகிற ஊர் இது. இங்கே வளர்ந்த குழந்தை, மரியாதைக்கு உரியவருக்குப் பன்மை வினை போட வேண்டும் என்ற விதியை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோயிருக்கிறாள். விதி தெரியாமல் செய்த பிழை இல்லை. ஒரு விதியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததால் வந்த பிழை.

எழுவாய்க்கு ஏற்றபடி வினை இயைய வேண்டும் என்பது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுச் சட்டம் போல நம் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். இதில் ஆங்கிலத்தைவிடக் கண்டிப்பான மொழி தமிழ். நான் வந்தேன், நாம் வந்தோம், நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அது வந்தது, அவை வந்தன. ஒன்பது எழுவாய்க்கு ஒன்பது முடிவு. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'கேம்' என்ற ஒரே சொல் போதும். திணை, பால், எண், இடம் நான்கையும் வினைமுற்றில் சரியாக வைத்துப் பேசுகிற குழந்தைக்கு, 'கோ'வா 'கோஸ்'ஸா என்பது பெரிய மலை இல்லை. அதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெயரோடு 'ஸ்' சேர்ந்தால் பன்மை. வினையோடு அதே 'ஸ்' சேர்ந்தால் ஒருமை. 'பாய்ஸ் ரன்', 'பாய் ரன்ஸ்'. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் எதிரெதிர் வேலை பார்க்கிறது. 'ஸ்' என்றால் பல என்று முதல் வகுப்பில் படித்த பிள்ளை, ஒரே ஒரு அப்புச்சிக்கு 'கோஸ்' போடத் தயங்குவது நியாயம்தான்.

இன்னொரு சிக்கல் சொல் வரிசை. 'தக்காளிகள் நிறைந்த கூடை வந்தது' என்கிறோம். வந்தது கூடை, அந்தச் சொல் வினையை ஒட்டியே நிற்கிறது. பிழைக்க வழியில்லை. ஆங்கிலத்தில் கூடை முன்னால் போய்விடும், தக்காளிகள் நடுவில் வந்துவிடும்: 'தி பாஸ்கெட் ஆஃப் டொமேட்டோஸ் ஈஸ் ஹியர்'. வினைக்குப் பக்கத்தில் தக்காளிகளைப் பார்த்ததும் பெரியவர்கள் கையே 'ஆர்' போட்டுவிடும். 'எது வந்தது?' என்று தமிழில் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். கூடை என்று விடை வந்துவிடும்.

பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் உரிமையோடு சொல்வார்கள். அவருடைய நன்னூலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல் உண்டு: வழுவமைதி. பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அமைதி சொல்வது. ஒருவரைப் பன்மையில் சொல்வது உலக வழக்கில் உயர்த்திச் சொல்வதே தவிர இலக்கண நெறி இல்லை என்று தொல்காப்பியரே குறித்திருக்கிறார். பலரைக் குறித்த 'அவர்' ஒருவருக்கு மரியாதைச் சொல்லானது. அப்புறம் பலரைச் சொல்ல 'அவர்கள்' வேண்டியிருந்தது. பிறகு அந்த 'அவர்கள்' என்பதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். அன்பும் பணிவும் இலக்கணத்தை இப்படித்தான் வளைத்து வந்திருக்கின்றன.

ஆங்கிலமும் இதைச் செய்த மொழிதான். ஒருகாலத்தில் அங்கே ஒருவரை அழைக்க 'தௌ', பலரை அழைக்க 'யூ'. மேலோரைப் பணிவாக அழைக்கப் பன்மையான 'யூ' வந்தது. மெல்ல எல்லோருக்கும் அதுவே ஆகி, 'தௌ' வழக்கொழிந்தது. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதர் எல்லோரும் சமம், ஒருவரைப் பன்மையில் அழைக்க மாட்டோம் என்று பிரபுக்களையும் 'தௌ' என்றே அழைத்து, ஏச்சும் அடியும் வாங்கினார்கள். ஆனாலும் பன்மைதான் வென்றது. இன்றைக்கும் ஒரே ஆளைப் பார்த்து 'யூ ஆர்' என்கிறார்கள். யாரும் 'யூ ஈஸ்' என்பதில்லை. ஆள் ஒருவர், வினை பன்மை. நம் ஊர் 'வாங்க' போலத்தான்.

அந்தச் சிவப்புச் சுழி தவறு என்று நான் சொல்லவில்லை. 'ஈஸ்'தான் சரி, அதை அவள் கற்றே ஆக வேண்டும். நாளைக்கு ஒரு நேர்காணலில் அவளை எடைபோடப் போகிறவர்கள் அப்புச்சியை அறியமாட்டார்கள். ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சுழி போட்டபின் ஒரு நிமிடம், ஏன் அப்படி எழுதினாய் கண்ணு என்று கேளுங்கள். பிள்ளையின் பிழைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டின் பேச்சு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் இப்படி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பயம் போய்விடும். தன் மொழியை மட்டம் என்று நினைத்த பிள்ளை இன்னொரு மொழியை நிமிர்ந்து பேசாது.

இதையெல்லாம் அம்முணிக்குச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். 'ஆர்' அழித்து 'ஈஸ்' எழுதினாள். 'கோ'வோடு 'ஸ்' சேர்த்தாள். நோட்டை மூடி எழுந்தவள் படியில் நின்று திரும்பினாள்.

"அப்ப, அப்புச்சிகிட்ட நேரா பேசும்போது 'யூ ஆர்' தானுங்களே?"

ஆமாம் கண்ணு என்றேன். முகம் மலர்ந்து வீட்டுக்கு ஓடினாள்.