கைநாட்டு மறையட்டும்

மலேசியா வளமான நாடு. இங்குள்ள பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆயினும், ஜாசின், அலோர் காஜா போன்ற மலாக்கா நகரங்களில், கையில் ஒரு கடிதத்துடன், "கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று கேட்கும் முதியவர்களை இன்றும் காணலாம். அவர்களுள் சிலருக்குக் குறை கண்ணில் இல்லை. கிடைக்காமற்போன கல்வியில்தான் உள்ளது.

இதற்காக அவர்களைப் பழிப்பது முறையன்று. தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால், சட்டம் மட்டும் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்துவிடவில்லை. விடியற்காலையில் பெற்றோருடன் பால்மரக் காட்டிற்குச் சென்று மங்கு துடைத்த சிறுவர்கள் பலர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட சிறுமியரும் பலர்.

தோட்டத்தில் கடிதம் வந்தால் கிராணியார் படித்துச் சொல்வார். அதனால் எழுத்தறியாமை பெரிதாகத் தெரியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோதுதான் அதன் சுமை புரிந்தது. கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது தெரியாமல் கைநாட்டு வைப்பவர் ஏமாற்றப்படலாம். மருந்துச் சீட்டைத் தவறாகப் புரிந்துகொள்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

2003 முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது பிள்ளைகளைக் காக்கும். பள்ளி வயதைக் கடந்துவிட்டவர்களுக்கு உதவாது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" எனச் சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் அதற்கு விடை தந்துள்ளது. அங்கு 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் எழுத்துக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அவர்களுக்குக் கற்பித்தவர்களுள் பலர் ஊதியம் பெறாத தொண்டர்களே.

மலாக்காவிலும் இது இயலாததன்று. கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் மாலை நேர வகுப்புகள் நடத்தலாம். முதலில் சொந்தப் பெயர், அடுத்து மருந்துச் சீட்டு, பின்னர் வங்கிப் படிவம் என அன்றாடத் தேவையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிக்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கினாலே போதும். ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் அனைத்துலக எழுத்தறிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. பால்மரம் சீவிப் பேரப்பிள்ளைகளைப் படிக்க வைத்த கைகள் தம் பெயரைத் தாமே எழுதும் நாள், அதைவிடப் பெரிய கொண்டாட்டமாகும்.