உச்சத்திறன் என்னும் தவறான அளவுகோல்

ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் தகுதியை அதன் குதிரைத்திறன் எண்ணே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை, விற்பனைக் கூடங்களிலும் வண்டிப் பிரியர்களின் பேச்சிலும் கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்டது. 200 குதிரைத்திறன் கொண்ட வண்டி 100 குதிரைத்திறன் கொண்டதைவிட இருமடங்கு மேலானது என்றும், வாங்கும் வசதியுள்ளவர் உயர்ந்த எண்ணைத் தேர்வதே அறிவுடைமை என்றும் அந்த நம்பிக்கை போதிக்கிறது. பந்தயத் தடத்தில் ஓட வேண்டிய வண்டிக்கு இதில் ஓரளவு உண்மை உண்டு. மசில் பைக் என்று வழங்கும் வகைக்கு, அதாவது ஆயிரம் சிசிக்கும் மேற்பட்ட எஞ்சினும், அகன்று உயர்ந்த ஹேண்டில்பாரும், நிமிர்ந்த இருக்கையும் கொண்டு, காற்றைப் பிளப்பதற்காக முன்புறத்தையும் பக்கங்களையும் மூடும் ஃபேரிங் என்ற உறை இல்லாமல் எஞ்சினை வெளியே காட்டி நிற்கும் வண்டிக்கு, இந்த அளவுகோல் பொருந்தவே பொருந்தாது. பொருந்தாத அளவுகோலால் அளந்து வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் வண்டியை விற்கிறார்கள், அல்லது துணி போர்த்தி மூலையில் நிறுத்திவிடுகிறார்கள்.

எஞ்சின் தன் சுழல்தண்டைத் திருகும் வலு முறுக்குவிசை. மெக்கானிக்குகள் அதை டார்க் என்பார்கள், அதன் அலகு நியூட்டன் மீட்டர். அந்த விசையோடு தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பெருக்கி, ஏறத்தாழ 7024 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். எனவே குதிரைத்திறன் தனியாக நிற்கும் குணமன்று, ஒரு பெருக்குத்தொகை. தாளில் அச்சாகும் எண்ணோ அந்தப் பெருக்குத்தொகையின் உச்சம் மட்டுமே. ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகி, எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுற்றை எட்டும் கணத்தில் மட்டும் அது உண்மையாகிறது. அதற்குக் கீழே உள்ள ஆயிரக்கணக்கான சுற்றுகளில், ஓட்டுபவர் தன் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தில், வண்டி என்ன தருகிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இந்தியாவிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. 2007ஆம் ஆண்டின் இறுதியில் யமஹா நிறுவனம் ஆர்1, எம்டி-01 என்ற இரண்டு வண்டிகளை ஏறத்தாழ ஒரே விலையில், பத்தரை லட்ச ரூபாய் அளவில், இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. உறை போர்த்திய ஆர்1 998 சிசியில் 180 குதிரைத்திறன் தந்தது. உறையில்லாத எம்டி-01 1670 சிசி கொண்ட, காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினிலிருந்து 90 குதிரைத்திறனே தந்தது. எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டாவது வண்டி பாதி வண்டியாகத் தெரிந்தது. ஆனால் எம்டி-01 தன் உச்ச முறுக்குவிசையான 150 நியூட்டன் மீட்டரை 3750 சுற்றிலேயே தந்துவிடும். கணக்கிட்டால் அந்த இடத்தில் அதன் திறன் 80 குதிரை. ஆர்1 தன் உச்ச முறுக்குவிசையான 113 நியூட்டன் மீட்டரை எட்டுவதோ 10,000 சுற்றில். அந்த உச்சத்தை அது 3750 சுற்றிலேயே தந்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும், அது நடவாத காரியம், அப்போதும் கிடைப்பது 60 குதிரைதான். ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் எஞ்சின்கள் சுழலும் எல்லையில் பாதி வண்டி எது என்பதை இக்கணக்கு தலைகீழாக்கிவிடுகிறது.

கியரைக் குறைத்து எஞ்சினை உயர்சுற்றுக்குக் கொண்டுசென்றால் ஆர்1 தன் வலுவைக் காட்டிவிடுமே என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். இது நேர்மையான மறுப்பு. இயற்பியலும் அதன் பக்கம் நிற்கிறது. ஏனெனில் குறிப்பிட்ட வேகத்தில் ஒரு வண்டி எவ்வளவு விரைவாக முடுக்கம் பெறும் என்பதை முடிவுசெய்வது அப்போது சக்கரத்தை எட்டும் திறனே. ஆனால் அந்த மறுப்பைக் கடைசிவரை தொடர்ந்து சென்றால் அதுவே நம்பிக்கையைக் குலைத்துவிடும். 2007ஆம் ஆண்டு ஆர்1இல் முதல் கியரிலேயே எஞ்சின் 12,500 சுற்றை, அதாவது 180 குதிரை பிறக்கும் இடத்தை எட்டும்போது வண்டி மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். இந்திய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு 2018இல் வகுக்கப்பட்ட உச்ச வரம்பு 80 கிலோமீட்டர். சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டும் ஒருவர், எந்தக் கியரில் இருந்தாலும், தாம் காசு கொடுத்து வாங்கிய அந்த எண்ணை ஒருமுறைகூடத் தொட முடியாது.

காற்றின் கணக்கும் இதையே சொல்கிறது. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், வேகம் இருமடங்கானால் தேவை எட்டு மடங்காகும். உறையில்லாத பெரிய வண்டியொன்று, நிமிர்ந்து அமர்ந்த ஓட்டுநரோடு சமதரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் சீரான வேகத்தில் செல்ல, டயர் உருள்வதன் எதிர்ப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 12 முதல் 15 குதிரைத்திறன் போதும். 80 கிலோமீட்டரில் பத்துக்கும் குறைவு. மீதமுள்ளது முந்திச் செல்வதற்கும் மேடேறுவதற்கும் உரிய கையிருப்பு. அந்தக் கையிருப்பு கைக்கு எட்டும் சுற்றில் கிடைக்கிறதா என்பதுதான் வண்டியின் தகுதியைத் தீர்மானிக்கும் கேள்வி. அது எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் பட்சம்.

இந்த வகை வண்டியை உலகிலேயே மிகுந்த அக்கறையோடு வளர்த்த நாடு ஜப்பான். அங்கே 750 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளின் திறனை 100 குதிரைக்குள் நிறுத்திக்கொள்வதென்று உற்பத்தியாளர்கள் தாமாகவே ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு 2007வரை நீடித்தது; வேகமும் 180 கிலோமீட்டரோடு கருவியால் தடுக்கப்பட்டது. விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கான வரம்பு 2000ஆம் ஆண்டுவரை வெறும் 80 கிலோமீட்டர். உச்ச எண்ணே எல்லாம் என்பது மெய்யானால், இந்தச் சந்தையில் பெரிய எஞ்சின்கள் பொருளற்றுப் போயிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. ஹோண்டா 1992இல் 998 சிசியில் 93 குதிரைத்திறன் மட்டும் தரும் சிபி1000 சூப்பர் ஃபோரை வெளியிட்டது. 1994இல் யமஹாவின் எக்ஸ்ஜேஆர்1200 வந்தது. பிறகு கவாசாகியின் இசட்ஆர்எக்ஸ்1100. 2001இல் சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்1400. உச்சத்தை உயர்த்த வழியில்லாதபோது பொறியாளர்கள் உச்சத்துக்குக் கீழே உள்ள வெளியைச் செம்மைப்படுத்தினார்கள். 1402 சிசி கொண்ட ஜிஎஸ்எக்ஸ்1400 தன் 126 நியூட்டன் மீட்டரை 5000 சுற்றில் தந்தது. அந்த இடத்திலேயே 90 குதிரை பிறந்துவிட, வரம்பான நூறை எட்டுவதற்கு மேலும் 1500 சுற்றே தேவைப்பட்டது. முறுக்குவிசை வளைவு ஏறக்குறைய மேசைத்தளம் போலச் சமமாக விரிந்து கிடந்த அந்த எஞ்சினில், கியர் மாற்றுவது கட்டாயமாக இல்லாமல் ஓட்டுநரின் விருப்பமாக இருந்தது. ஒரு கட்டுப்பாடு ஒரு கலையை இவ்வளவு தெளிவாக வளர்த்த நிகழ்வு மோட்டார் சைக்கிள் வரலாற்றில் அரிது.

அந்நாட்டில் 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி உரிமம் வேண்டும். 1975 முதல் 1996வரை அதைப் பெறுவதற்கு உரிமத் தேர்வு நிலையத்தில் நேரடியாக ஓட்டிக்காட்டித் தேர்வில் வெல்வது ஒன்றே வழியாக இருந்தது. 1996இல்தான் ஓட்டுநர் பள்ளிகளுக்கு அந்த வாசல் திறந்தது. இந்தியாவில் கியருள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமம் ஒன்றே நூறு சிசிக்கும் இரண்டாயிரம் சிசிக்கும் போதுமென்று இருக்கும் நிலையில், ஜப்பானியத் தேர்வு எதை அளக்கிறது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதன் புகழ்பெற்ற பகுதி, 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒற்றைப் பலகைப் பாலம். பெரிய வண்டிக்கான தேர்வில் அதைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 10 வினாடிக்குக் குறையக் கூடாது. முன்னதாக முடித்தால் மதிப்பெண் குறையும், சக்கரம் பலகையிலிருந்து இறங்கினால் தேர்வே முடிந்துபோகும். கிளட்சைப் பாதி பிடித்து, எஞ்சினை அணையவும் விடாமல் துள்ளவும் விடாமல் வைத்து, வலக்காலால் பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, முழங்கால்களால் டேங்கை இறுக்கி, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் பலகையின் மறுகோடியில் நிறுத்தி, நடந்து செல்பவரின் வேகத்தில் கால் டன் இரும்பை நேராகக் கொண்டுசெல்ல வேண்டும். பெரிய வண்டியை அறிந்த சமுதாயமொன்று அதன் ஓட்டுநரிடம் கேட்கும் சான்று, எவ்வளவு வேகமாகப் போவாய் என்பதன்று, எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்பதே. அந்தப் பத்து வினாடிகளில் தாளில் உள்ள உச்ச எண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. கீழ்ச்சுற்றில் திணறாத எஞ்சின், விரல்களுக்குப் பிடிநிலையை உணர்த்தும் கிளட்ச், கடைசி எல்லைவரை தாராளமாகத் திரும்பும் ஹேண்டில்பார், எடை எந்த உயரத்தில் அமர்ந்திருக்கிறது என்பது, இவையே வண்டியைத் தாங்கிப் பிடிக்கின்றன.

அந்தப் பலகை தேர்வு மைதானத்தோடு நின்றுவிடுவதில்லை. தினசரி வாழ்க்கையில் அது வீட்டு வாசலின் சரிவாகவும், வாகனம் நிறுத்துமிடத்தின் சரளைக் கல்லாகவும், குறுகிய தெருவில் திரும்ப வேண்டிய அரைவட்டமாகவும் வந்து நிற்கிறது. 260 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை முன்சக்கரம் தாழ்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து பின்னோக்கித் தள்ளிப் பார்த்தவருக்கு இது விளங்கும். இருக்கையில் அமர்ந்தபடி நுனிக்காலால் உந்தும்போது வண்டி ஓர் அங்குலமும் நகராது. இறங்கி, இடுப்பை டேங்கில் சாய்த்து, இரு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பற்றித் தள்ள, வண்டி மறுபக்கம் வெகுவாகச் சாய்ந்துவிட்டால் அதைத் தடுத்து நிறுத்துவது மிகக் கடினம். பெரிய வண்டிகள் நின்ற இடத்திலேயே கீழே விழுவதும் உண்டு. எடை கூடினால் நிலைப்பு கூடும் என்று சொல்லி இந்தச் சுமையை நற்பண்பாக்குவோர், ஓடும் வண்டியின் நிலைப்பு அதன் சட்டகத்தின் வடிவத்திலும் சக்கரங்களின் சுழற்சியிலும் இருப்பதை மறைத்துவிடுகிறார்கள்.

பருத்த பின்டயரும் இத்தகைய ஏமாற்றமே. டுகாட்டி டியாவெலிலும் ட்ரையம்ஃப் ராக்கெட்டிலும் உள்ள 240 மில்லிமீட்டர் அகல டயர், நிற்கும் வண்டிக்குக் கம்பீரம் தருகிறது. ஆனால் வளைவில் சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் விலகுவதால், ஒரே வளைவை ஒரே வேகத்தில் கடக்க மெல்லிய டயர் கொண்ட வண்டியைவிட அது கூடுதலாகச் சாய வேண்டும். எக்ஸ்ஜேஆர் போன்றவை 180இல் நிறைவு கண்டது சிக்கனத்தால் அன்று.

உறையில்லாத வண்டி நெடும்பயணத்துக்கு ஆகாது என்பது இந்த நம்பிக்கையின் உடன்பிறப்பு. மேலான வேகத்துக்கு உறை வேண்டும், மேலான வேகமே மேலான வண்டி என்ற அதே சங்கிலியில் கோத்தது. மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் மணிக்கணக்கில் செல்பவருக்கு மார்பில் மோதும் காற்று கழுத்தை நோகடிக்கும் என்பது மறுக்க முடியாதது. ஆனால் 80 முதல் 100 கிலோமீட்டர்வரை அதே காற்று சற்றே முன்சாய்ந்த உடலைத் தாங்கி, மணிக்கட்டுகளின் பாரத்தைக் குறைக்கிறது. உறை போர்த்திய பந்தய வகை வண்டியிலோ ஹேண்டில்பார் தாழ்ந்திருப்பதால், அந்த வேகங்களில் மேலுடலின் எடை உள்ளங்கைகளில் இறங்குகிறது. மேலான வேகத்துக்கும் உறை கட்டாயமன்று: அமெரிக்காவின் சூப்பர்பைக் பந்தயத்தில் ஓட்டுநர் எடி லாசன் 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வாகை சூடியது உறையில்லாத, அகன்ற ஹேண்டில்பார் கொண்ட கவாசாகியில்தான். அகன்ற பார் ஒரு நெம்புகோல், கனத்த வண்டியைக் குறைந்த விசையில் திருப்ப அது உதவுகிறது. அந்த உருவத்தைத்தான் இசட்ஆர்எக்ஸ் பிற்காலத்தில் சாலைக்குக் கொண்டுவந்தது.

உச்ச எண்ணைத் துரத்தியவற்றின் கதையும் கண்முன் இருக்கிறது. சுசுகி 2007இல் தன் ஹயபூசாவின் 1340 சிசி எஞ்சினை உறையின்றிப் பொருத்தி பி-கிங் என்ற பெயரில் வெளியிட்டது. 180 குதிரையைத் தாண்டிய அந்த வண்டி சில ஆண்டுகளிலேயே உற்பத்தியிலிருந்து மறைந்தது. விலையும் அக்காலப் பொருளாதார நெருக்கடியும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதே நெருக்கடியைக் கடந்தும் எக்ஸ்ஜேஆர்1300, காற்றால் குளிரும் எஞ்சினோடு, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய 2017வரை ஜப்பானில் விற்பனையில் இருந்தது. 1998இல் தோன்றிய ஹோண்டா சிபி1300க்கு 2025இல்தான் இறுதிப் பதிப்பு வந்தது. போட்டி வண்டிகள் இருநூறைத் தாண்டிவிட்ட அந்த ஆண்டிலும் அதன் திறன் 113 குதிரையே. 2009இல் வந்த யமஹாவின் விமேக்ஸ் 200 குதிரைத்திறனைச் சாலைக்குக் கொண்டுவந்தபோது, அதன் எடை 310 கிலோவாகவும் எரிபொருள் கொள்ளளவு 15 லிட்டராகவும் இருந்தன. எண்ணுக்காக அதை வாங்கியவர் பெட்ரோல் பங்கைச் சுற்றியே தம் பயணத்தைத் திட்டமிட வேண்டியிருந்தது.

ஆகவே வாங்க வருபவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது முறுக்குவிசை வளைவின் வரைபடத்தை. 3000 சுற்றில் அது எங்கே நிற்கிறது, அங்கிருந்து 6000வரை சரிவின்றிச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்த நிலையில் எடையைக் கேட்க வேண்டும், ஏனெனில் சில நிறுவனங்கள் எண்ணெயும் எரிபொருளும் இல்லாத எடையையே அச்சிடுகின்றன. பிறகு சாவியைப் போடுவதற்கு முன்பே வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, கூடத்தின் வாசலில் உள்ள சரிவில் பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பார்க்கவும், ஹேண்டில்பாரைக் கடைசி எல்லைவரை திருப்பி ஒரு சுற்று நடத்திப் பார்க்கவும் இடம் கேட்க வேண்டும். அதற்கு இடம் தராத கூடத்தில் வாங்க வேண்டியதில்லை.