பிரியாணியோடு முடிஞ்சுதா திண்டுக்கல்?

கொடைக்கானல் போகிற வழியில் திண்டுக்கல்லில் இறங்குகிறீர்கள். ஒரு பிரியாணி, ஒரு ஏப்பம், மறுபடி கார். ஒரு ஊர்னா அவ்வளவுதானா? அந்தச் சீரகசம்பா வாசனை சென்னையிலேயே அடிக்கிறதே!

1755-ல் ஹைதர் அலி பொறுப்பேற்ற மலைக்கோட்டை தலைக்கு மேலே நிற்கிறது. ஏறிப் பாருங்கள். இறங்கி வந்து கடைவீதியில் மாங்காய்ப் பூட்டு கேளுங்கள். கையால் அரம் போட்டுச் செய்த பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் முத்திரை சோறு போடாது, வாங்குகிறவர்தான் போடணும். மெஷினில் செய்த மலிவுப் பூட்டோடு மல்லுக்கட்டித் தோற்றவன் மகனைப் பட்டறைக்கு அனுப்புவானா?

பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். அடுத்த தடவை போகும்போது பிரியாணி நிச்சயம் இருக்கும். பூட்டு இருக்குமா?