காடு கேட்கும் விரதம்

வெள்ளிக்கிழமை இரவு நகரத்தில் பஸ் ஏறும் நண்பர் குழு, சனிக்கிழமை மாலை மலை மீது கூடாரம் அடித்துவிடுகிறது. இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்குப் போய், மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்த்தவர்கள் கோவிலுக்குப் போய் வந்தவர்களைப் போலத் திரும்புகிறார்கள். அந்த நிம்மதி பொய்யல்ல. ஆனால் அது சுலபமாகக் கிடைக்கும் என்ற நினைப்புதான் ஆபத்து.

2018 மார்ச் 11 அன்று அது தெரிந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் வந்த இரு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டம் குரங்கணியை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தன. காய்ந்த புல்லில் பற்றிய தீ, காற்றின் வேகத்தில் அவர்களைச் சூழ்ந்தது. 20க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பெரும்பாலும் இளைஞர்கள். மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிமுறைகள் வகுத்தது அதற்குப் பிறகுதான்.

காட்டுக்குப் போக வேறு வழியும் உண்டு. பையனூர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜான் சி. ஜேக்கப், 1977இல் ஏழிமலையில் இயற்கை முகாம் நடத்தினார். உல்லாசப் பயணமல்ல அது. இயற்கையோடு வாழப் பழகும் பயிற்சி. அவரைச் சுற்றித் திரண்டவர்கள், பாலக்காடு மாவட்டத்தின் சைலன்ட் வேலியைக் காக்கும் போராட்டத்திலும் நின்றார்கள். குந்திப்புழாவின் குறுக்கே மின்வாரியம் கட்ட நினைத்த அணை 1983இல் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. காட்டில் அமைதி பெற்றவர்கள், காட்டின் அமைதிக்காகக் குரல் கொடுத்தார்கள். இன்று அங்கே மாணவர்களுக்குக் கேரள வனத்துறை இயற்கை முகாம் நடத்துகிறது. மதுவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அங்கு இடமில்லை.

இதெல்லாம் தமிழர்களுக்குப் புதிதல்ல. ஐயப்பன் கோவிலும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டில்தான் இருக்கிறது. அங்கேயும் நண்பர்கள் கூட்டமாகத்தான் போகிறார்கள். ஆனால் மாலை போட்டு, 41 நாள் விரதமிருந்து, குருசாமி சொல் கேட்டு நடக்கிறார்கள். பயணம் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

கூடாரத்தோடு போகிறவர்களுக்கு அத்தனை நாள் விரதம் வேண்டாம். வன அனுமதியும், வழி தெரிந்த உள்ளூர்க்காரரும், ஒலிபெருக்கி இல்லாத இரவும் போதும். புல் காயும் மாதங்களில் வீட்டிலேயே இருந்துவிடுவதும் அந்த விரதத்தில் சேர்த்திதான்.