பூட்டாத கதவு

திறந்து கிடக்கும் கதவெல்லாம் வருக என்று அழைக்கும் கதவா? சென்ற குளிர்காலத்தில் இந்தக் கேள்வி என்னை வந்து பற்றிக்கொண்டது.

விடுதியில் இடம் கிடைக்காமையால் தில்லி முனிர்க்காவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கைப்பேசியைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். எல்லாவற்றிற்கும் பூட்டு உண்டு; ஒன்றுக்கு மட்டும் கடவுச்சொல் இல்லை. அது தாங்கியிருந்ததோ கீழ்வீட்டுப் பெரியவரின் குடும்பப் பெயர். முதல் நாள், தேர்வுக் கட்டணம் செலுத்த அதனைப் பயன்படுத்தினேன். அவசரம் என்று மனத்திற்குச் சமாதானம் சொன்னேன். பத்தாம் நாள், இரவு முழுதும் திரைப்படம் பார்த்தேன். அப்போது மனம் சமாதானம் கேட்கவே இல்லை, பழகிவிட்டது!

"அலை நம் அறைக்குள் தானாக வருகிறது. பிறர் வீட்டு விளக்கொளியில் படித்தால் திருட்டாகுமா?" என்று தோழர் சிலர் வாதிடுவர். அழகான வாதந்தான். ஆனால், நாம் படிப்பதால் விளக்குடையவருக்கு ஒளி குறைவதில்லை. இணைப்போ கிணற்று நீர் போன்றது. நாம் படம் பார்க்கும் வேளையில், உரியவர் தம் மகனோடு பேசும் பேச்சு அறுந்து அறுந்து போகலாம்.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. பிறர் இணைப்பில் நாம் செய்வதெல்லாம் வெளியுலகில் அவர் முகவரியிலேயே பதிவாகும். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, அதற்குப் பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் பற்றிச் சென்ற காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாயிலில் போய் நின்றது. பூட்டப்படாத அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். விசாரணைக்கு ஆளானவர் அவர்!

நம் செயலுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆயினும், ஒருவர் பெயரை அவரறியாமல் எடுத்தாள்வது இரண்டிலும் உண்டன்றோ? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், உடையவர் இசைவின்றி வலையமைப்பில் நுழைவதைத் தவறென்றே கூறுகிறது. நூலகத்திலும் ரயில் நிலையத்திலும் பொதுவென்று அறிவித்துத் தருவது தண்ணீர்ப் பந்தல். பூட்ட மறந்த கொல்லைக் கிணறு தண்ணீர்ப் பந்தல் ஆகாது.

ஒரு மாலை கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். தெரிந்த அரைகுறை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். பெரியவர் சினக்கவில்லை. "பூட்டு இல்லையென்று எனக்கே தெரியாதே, பேட்டா!" என்றார். பூட்டும் வழியைக் காட்டினேன். அவர் கடவுச்சொல்லைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தோழர்களே! அயலூரில் நம் பெயர் கெடக்கூடாதென்று எவ்வளவு கவலைப்படுகிறோம்! அந்தக் கவலையில் ஒரு பங்கை அயலார் பெயருக்கும் அளிப்போம். வேண்டுமானால் கதவைத் தட்டிக் கேட்போம். கேட்க நாணினால், எடுக்கவும் நாணுவோம்.