சிக்கனம் யாருக்கு? சீர் யாருக்கு?

தோழரே!

"வரவு போதவில்லையா? செலவைச் சுருக்கு! சுருக்கினால் மிஞ்சும், மிஞ்சினால் சேரும், சேர்ந்தால் செல்வனாவாய்!" என்றொரு மந்திரம் நாடெங்கும் ஓதப்படுகிறது. மேடையேறும் மேதாவிகள் ஓதுகிறார்கள். முன்னேற்றம் கற்பிக்கும் புத்தகங்கள் ஓதுகின்றன. மூலனூரிலே காய்க்கு விலை கிடைக்காமல் கலங்கி நிற்கும் முருங்கை விவசாயிக்கும், விடியுமுன்னே எழுந்து பனியன் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கும் இந்த மந்திரமே மருந்தாகத் தரப்படுகிறது.

எப்போது தரப்படுகிறது என்பதைக் கவனித்தீர்களா? கூலி உயர்வு கேட்கும்போது தரப்படுகிறது. விளைந்ததற்கு விலை கேட்கும்போது தரப்படுகிறது. கேட்டது கூலி, கிடைத்தது போதனை! கேட்டது விலை; கிடைத்தது வேதாந்தம்!

மந்திரத்தை மதித்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு இரண்டு தேநீர் குடிக்கிறான். கோப்பை 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 24 ரூபாய். ஆண்டுக்கு 8,760 ரூபாய். அந்தப் பாவத்தை அவன் இன்றே துறக்கிறான். முப்பது ஆண்டுகள் தேநீரைத் தீண்டாத தவசியாக வாழ்கிறான். முப்பதாம் ஆண்டின் முடிவில் அவன் கையிலே 2,62,800 ரூபாய். வட்டி கொஞ்சம் கூடியிருக்கும். விலைவாசி அந்த வட்டியைத் தின்றிருக்கும். இளமையில் தொடங்கிய தவம் முதுமையில் முடிந்து, ஒரு மகளின் திருமணச் செலவிலே ஒரே நாளில் கரைந்துபோகும். இதுதானா செல்வத்துக்குப் போகும் சாலை?

குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு, தோழரே. மூன்று வேளை உண்பவன் இரண்டு வேளையாகக் குறைக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம், ஒன்றை என்ன ஆக்குவது? ஆனால் ஈட்டுவதற்கு அப்படி ஓர் எல்லையை இயற்கை விதிக்கவில்லை. அந்த எல்லையை விதிப்பவர் மனிதர். பெரும்பாலும், சிக்கனம் பேசும் அதே மனிதர்!

உடனே ஒருவர் எழுந்து, "அப்படியானால் ஊதாரித்தனத்தை ஆதரிக்கிறீரா?" என்று கேட்பார். இல்லை. மதுக்கடையிலே மானத்தையும் மாதக் கூலியையும் தொலைப்பவனை நாம் கண்டிக்கிறோம். கடன் வாங்கிக் கலியாணப் பந்தலை அலங்கரித்துவிட்டு, கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலிலே கைகட்டி நிற்பவனைத் தடுக்கிறோம். சிக்கனம் சிறந்த குணம் என்பதை ஈரோட்டுப் பெரியார் வாழ்ந்தே காட்டினார். ஆயினும் அவர் செய்தது சிக்கனம் மட்டும்தானா? குழந்தைக்குப் பெயரிடக் கட்டணம், உடன் நின்று படமெடுக்கக் கட்டணம் என்று வரவுக்கும் வழி வகுத்தார். வந்ததை இயக்கத்துக்குச் சேர்த்தார். தன் தேவையைத் தானே சுருக்கிக்கொள்வது பண்பு. அடுத்தவன் அடுப்பை அணைத்துவிட்டு, "பார், விறகு மிச்சம்!" என்பது பண்பாகுமா?

மூலனூரையே எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த மண். பருத்தியும் முருங்கையும் அந்த மண்ணின் மக்களுக்குச் சோறு போடுகின்றன. அங்குள்ள உழவனுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்க எவரும் வண்டியேறி வரவேண்டியதில்லை. கிணற்றிலே ஊறும் நீரை அளந்து அளந்து பாய்ச்சுகிறவன் அவன்! அப்படிப்பட்டவன் தோட்டத்திலே முருங்கை காய்த்துக் குலுங்குகிற ஆண்டிலேதான் விலை விழுகிறது. பறிகூலிக்கும் கட்டாத விலை! காய் மரத்திலேயே முற்றி வெடிக்கிறது. இந்த உழவன் எந்தச் செலவைக் குறைப்பான்? பறிக்கும் செலவைக் குறைத்துவிட்டான். அதனால்தான் காய் மரத்திலே தொங்குகிறது! சிக்கனம் முழுமை பெற்றுவிட்டது, சீர்தான் வரவில்லை.

அதே மூலனூரிலே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஒன்று இருக்கிறது. பருவத்திலே பருத்தி ஏலம் நடக்கிறது. சுற்றுவட்டாரத்திலிருந்து மட்டுமல்ல, அண்டை மாவட்டங்களிலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. வியாபாரிகள் போட்டி போட்டு விலை கூறுகிறார்கள். அரசின் மேற்பார்வையிலே எடை. எல்லோரும் அறிய விலை. இது வானத்திலிருந்து விழுந்ததன்று. தரகர் வைத்ததே எடை, தரகர் சொன்னதே விலை என்றிருந்த காலத்தை மாற்ற, 1933-ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-இல் எழுந்த ஊர், நமது திருப்பூர்! உழவனிடம், "கோவணத்தைச் சுருக்கு" என்று சொல்லவில்லை அந்தச் சட்டம். "தராசை நேராக்கு" என்று வணிகனிடம் சொன்னது. வறுமைக்கு மருந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனித் திருப்பூருக்கு வருவோம். 1984-இலே திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 10 கோடி ரூபாய். 2024–25-ஆம் நிதியாண்டிலே அது ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்! ரூபாயின் மதிப்புத் தேய்ந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மலைக்க வைக்கும் வளர்ச்சி. இந்த மலை, முதலாளிமார் தேநீரைத் துறந்ததால் எழுந்ததா? இல்லை. புதிய எந்திரம் வந்தது. புதிய சந்தை பிடிபட்டது. வங்கிக் கடன் கிடைத்தது. வாங்குவோர் கடல் கடந்து வந்தனர். உழைக்க ஆயிரமாயிரம் கைகள் ஊர் ஊராக வந்து சேர்ந்தன. அதாவது, வரவைப் பெருக்கித்தான் வளர்ந்தார்கள்.

ஷரத் சாரி என்னும் ஆய்வாளர், திருப்பூர் முதலாளிகளைப் பற்றி 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார். நீங்கள் எப்படி உயர்ந்தீர்கள் என்று கேட்டபோது, அவர்களில் பலர் சொன்ன விடை "உழைப்பு" என்பதே. வயலிலே கூலி வேலை செய்தவர்களும், கம்பெனியிலே தொழிலாளியாய் நின்றவர்களும் முதலாளிகளானார்கள் என்பது உண்மைதான். அந்த உழைப்பை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் தன் உழைப்போடு, பிறர் உழைப்பையும் ஆளும் வாய்ப்பு, உறவின் துணை, கடன் தரும் கை — இவையும் சேர்ந்தபின் அல்லவா உயர்வு வந்தது? உழைப்பு ஒன்றே போதுமென்றால், முப்பது ஆண்டுகள் ஓவர்லாக் எந்திரத்தின்முன் முதுகு வளைத்தவர் எத்தனை மாளிகை கட்டியிருக்க வேண்டும்!

இப்போது ஒரு சிறு காட்சி. கற்பனைதான்; ஆனால் கணக்கு உண்மை.

முதலாளி: தம்பி, கூலி போதவில்லை என்கிறாய். செலவைக் குறைத்துப் பழகு.

தொழிலாளி: குறைத்தேன் முதலாளி. இந்த ஆண்டு பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுக்கவில்லை.

முதலாளி: நல்லது! பார், நானும்தான் செலவைக் குறைக்கிறேன்.

தொழிலாளி: தாங்கள் எதைக் குறைத்தீர்கள்?

முதலாளி: உன் கூலியை!

தொழிலாளி: எல்லாத் தொழிலாளியும் துணி எடுக்காவிட்டால், தாங்கள் தைக்கும் துணியை வாங்குவது யார் முதலாளி?

திரை!

தோழரே, ஒருவன் செலவேட்டில் ஏறும் தொகைதான் இன்னொருவன் வரவேட்டில் இறங்குகிறது. முதலாளியின் கணக்கிலே "செலவு" என்றிருப்பது, தொழிலாளியின் வீட்டிலே "சோறு". அங்கே குறைத்தால் இங்கே பசி. எல்லோரும் ஒரே நேரத்தில் சுருக்கினால் எல்லோருடைய வரவும் சுருங்கும். இங்கிலாந்து வேலையின்மையிலே வாடிய 1931-ஆம் ஆண்டிலே, பொருளியல் அறிஞர் கெயின்ஸ் வானொலியில் பேசினார். நெருக்கடியான காலத்திலே நீங்கள் சேமிக்கும் சில்லிங்குகள் வேறொருவனின் ஒரு நாள் வேலையைப் பறிக்கின்றன என்ற பொருளில் இல்லத்தரசிகளுக்கு எடுத்துரைத்தார். கடைக்குச் சென்று வாங்குங்கள் என்றார்.

இந்தப் பகுதியிலே "செலவுக் குறைப்பு" என்ன கோலம் பூண்டது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, நொய்யல். சாயக் கழிவைச் சுத்திகரிக்கச் செலவாகும். அந்தச் செலவைக் "குறைத்தார்கள்". ஆற்றிலே விட்டார்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவனின் கிணறு கெட்டது, நிலம் கெட்டது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. சாயப்பட்டறையின் ஏட்டிலே மிச்சமான செலவு, உழவனின் ஏட்டிலே நட்டமாக எழுதப்பட்டது. செலவு குறையவில்லை தோழரே, தோள் மாறியது!

இரண்டாவது, சுமங்கலித் திட்டம். பெயரைப் பாருங்கள், எவ்வளவு மங்கலம்! ஏழை வீட்டுப் பெண்களை நூற்பாலை விடுதியிலே தங்க வைத்து, மூன்றாண்டு வேலை வாங்கி, முடிவிலே மொத்தமாகத் திருமணத் தொகை தருவதாக வாக்களித்தனர். "மகளே, உன் கூலியை உனக்காக நாங்கள் சேமிக்கிறோம்" என்றனர். கட்டாயச் சிக்கனம்! நோயுற்று இடையிலே வெளியேறிய பெண்களுக்கு அந்தத் தொகை மறுக்கப்பட்ட கொடுமையை, நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை உலகறியச் செய்தது. அவளுடைய சேமிப்புத்தான், ஆனால் சாவி யார் இடுப்பிலே?

"கூலியை உயர்த்தினால் ஆர்டர் வங்காள தேசத்துக்குப் போய்விடுமே!" — இதுதான் எதிர்த்தரப்பின் இறுதி அம்பு. இதைப் புறக்கணிக்கக் கூடாது; போட்டி உண்மைதான். ஆனால் மலிவிலே போட்டி போட்டு முதலிடம் பிடிக்கப் போனால் எங்கே போய் நிற்போம்? 2013 ஏப்ரல் 24-ஐ நினைவுகொள்ளுங்கள். டாக்காவை அடுத்த சாவர் நகரிலே ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம். முதல் நாளே சுவரிலே விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி ஊழியரை அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ ஆட்களை மறுநாளும் உள்ளே அழைத்தன. ஒருநாள் உற்பத்தி நட்டமாகக் கூடாதல்லவா! கட்டடம் இடிந்தது, 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செலவைக் குறைக்கும் பந்தயத்தின் வெற்றிக் கம்பம் அங்கேதான் நடப்பட்டிருக்கிறது. அந்தப் பந்தயத்திலா திருப்பூர் ஓடவேண்டும்?

மாறாக, அமெரிக்காவிலே ஹென்றி ஃபோர்டு 1914-இல் நாட்கூலியை 5 டாலராக உயர்த்தினார்; கிட்டத்தட்ட இருமடங்கு! அவர் தருமவான் அல்லர். தொழிலாளர் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்ததால் செய்தார். ஆயினும் கம்பெனி திவாலாகவில்லை, ஆட்கள் நிலைத்தனர், ஆலை கொழித்தது. கூலியை உயர்த்தினால் தொழில் அழியும் என்ற பூச்சாண்டிக்கு, நூறாண்டுக்கு முன்பே ஒரு முதலாளியே விடை எழுதிவிட்டார்.

திருப்பூர்த் தொழிலாளிக்குக் கிடைத்ததெல்லாம் எப்படிக் கிடைத்தது? 1984-இலே பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றிருபத்தேழு நாட்கள்! அதுவும் ஒரு சிக்கனம்தான். பட்டினி என்னும் சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனம் உரிமைக்காக அவர்களே ஏற்றது. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை 2014-இல் தமிழக அரசு உயர்த்தி அறிவித்தது. ஐந்தாண்டுக்குள் மறுபரிசீலனை என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். பத்தாண்டு கடந்தே உயர்வு வந்தது. அதையும் எதிர்த்து முதலாளிகள் வழக்காடினர். 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் உயர்வை உறுதி செய்தது. 2021-இலே பனியன் தொழிலாளருக்கு நான்காண்டுகளில் 32 விழுக்காடு உயர்வு என்று தொழிற்சங்கங்கள் ஒப்பந்தம் கண்டன. இவற்றில் எதுவும் உண்டியலிலிருந்து வரவில்லை, ஒற்றுமையிலிருந்து வந்தது.

ஆகவே கிளைகளிலே பணியாற்றும் தோழர்களே! வீட்டுக்கு வீடு செல்லும்போது, "எவ்வளவு சேமிக்கிறாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "எவ்வளவு கூலி? ஒப்பந்தக் கூலி கைக்கு வருகிறதா? வைப்பு நிதி கட்டப்படுகிறதா? மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி உண்டா?" என்று கேளுங்கள். உழவரிடம், "மூட்டையை எங்கே விற்றீர்? எடை போட்டவர் யார்? பணம் எத்தனை நாளில் வந்தது?" என்று கேளுங்கள். இல்லை என்ற பதில் வரும் இடத்திலே நமது வேலை இருக்கிறது. வரவுக்கு வழி பிறக்கட்டும். சேமிக்க நம் தாய்மாருக்குத் தெரியும். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் காசு ஒளித்து வைத்துக் குடும்பத்தைக் காத்தவர்கள் அவர்கள்!

சிக்கனத்தை நாம் வெறுக்கவில்லை. சிக்கனத்தைக் காட்டிக் கூலியை மறைப்பதை வெறுக்கிறோம். இல்லாதவனிடம், "இன்னும் கொஞ்சம் இல்லாமல் இரு" என்பது அறிவுரை அன்று, அநீதி.

தராசு நேராகட்டும்! கூலி உயரட்டும்! சிக்கனத்தைப் பிறகு பேசுவோம்!